காலை 8.44-க்குப் பிறகு: கணினித் தேதிகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய கணினிகளின் தேதிக் கோளாறு பற்றி ஒரு சின்னப் பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

2038 ஜனவரி 19 அன்று உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பேரன் பொய் என்கிறான், மருமகன் உண்மை என்கிறார். யார் சொல்வது சரி?
ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

நாள் சரி, ஐயா. எல்லாம் நின்றுவிடும் என்பது சரியில்லை.

யூனிக்ஸ் இயங்குதளத்தை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கினார்கள். அதில் நேரம் என்பது ஒரே ஒரு எண். 1970 ஜனவரி 1, கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு தொடங்கி எத்தனை வினாடி ஓடியிருக்கிறது என்ற எண். அதை எழுதி வைக்க ஒதுக்கியது 32 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 எழுதுகிற 32 கட்டங்கள். ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்று காட்டப் போய்விடும். மீதி 31 பிட்டில் எழுத முடிகிற மிகப் பெரிய எண் 214,74,83,647. அத்தனை வினாடி என்பது 68 ஆண்டுக்குச் சற்று அதிகம். 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்த இடம் நிரம்பிவிடும். பொங்கல் விடுமுறை முடிந்து ஊர் அலுவலகங்கள் திறக்கிற வேளை.

அடுத்த வினாடி என்ன ஆகும்? யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு பழைய 32 பிட் இயந்திரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலைத்தொடர்பைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தை அந்த நாள் 8.43-க்கு வைத்து, வினாடிக்கு ஒருமுறை நேரத்தைத் திரையில் எழுதச் சொன்னேன். 8:44:05, 8:44:06, 8:44:07. அதற்கு அடுத்த வரி 1901 டிசம்பர் 14, சனிக்கிழமை, அதிகாலை 2:07:02. குறி மாறி, எண் கழித்தலாகி, 1970-லிருந்து 68 ஆண்டு பின்னால் போய்விட்டது.

அந்த 2:07 என்னை நிறுத்தியது. கிரீன்விச் கணக்கில் அது டிசம்பர் 13 இரவு 8:45:52. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் 2:15:52 வர வேண்டும். கணினி ஐந்தரை மணியைக் கூட்டவில்லை. இந்தியா முழுமைக்குமான நேரம் 1906-இல்தான் வந்தது என்பது அதன் நேர மண்டலத் தரவில் இருக்கிறது. அதனால் 1901-க்கு உரிய மெட்ராஸ் நேரத்தை, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முந்திய அந்த நேரத்தை எடுத்துக் கூட்டியிருக்கிறது. வரியின் ஓரத்தில் எம்எம்டி என்று மெட்ராஸ் நேரத்தின் மூன்றெழுத்தும் இருந்தது. இவ்வளவு நுணுக்கமாகப் பழைய நேரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிற ஒரு அமைப்பு, இன்றைய தேதியைத் தொலைத்துவிட்டு நிற்கிறது.

இயந்திரம் அணையவில்லை. எந்த எச்சரிக்கையும் திரையில் வரவில்லை. அப்போது நான் புதிதாக உருவாக்கிய கோப்பு, தேதி வரிசையில் எல்லாவற்றையும் விடப் பழையதாகக் கடைசியில் போய் நின்றது. கடைசி பேக்கப்புக்குப் பிறகு மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கிற நிரலை ஓடவிட்டேன். 1901-இல் பிறந்த கோப்பு அதன் கண்ணில் படவே இல்லை. வேலை முடிந்தது என்று பதிவு எழுதிவிட்டு அது நின்றுகொண்டது. எனக்குக் கவலை இதில்தான். நின்றுபோன இயந்திரத்தை யாராவது வந்து பார்ப்பார்கள். தவறான தேதியோடு ஓடுகிற இயந்திரத்தை யார் பார்ப்பார்கள்?

இன்று கடையில் வாங்குகிற போனும் மடிக்கணினியும் பெரும்பாலும் 64 பிட்டில் நேரத்தை எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 29,200 கோடி ஆண்டுக்குத் தாங்கும். பேரனின் போன் அன்று காலை ஓடும். மருமகன் அலுவலகத்தில் பத்து வருடமாக யாரும் தொடாத ஒரு பெட்டி மூலையில் ஓடிக்கொண்டிருந்தால், அதைப் பற்றி அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கடையின் பில்லிங் கம்ப்யூட்டரைக் காலையில் போட்டால் தேதி 2009 என்று காட்டுகிறது. பில்லிலும் அதே தேதி விழுகிறது. இது அந்த 2038 நோயா?
பலசரக்குக் கடை உரிமையாளர், தென்காசி

இல்லை. மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி செருகியிருக்கும், சிஆர் 2032 என்று எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது தீர்ந்துவிட்டது. இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறீர்கள், காலையில் இயந்திரம் தனக்குத் தெரிந்த முதல் தேதிக்குப் போய் நிற்கிறது. எலக்ட்ரிக்கல் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

மாற்றும்வரை தேதியைச் சரிசெய்யாமல் ஒரு பில்லும் போடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்கில் 2009 தேதியிட்ட பில் நுழைந்துவிட்டால் ஆடிட்டர் முன்னால் அதை விளக்குவது பெரும்பாடு. அரசுத் தளங்களும் வங்கித் தளமும் அந்தக் கணினியில் திறக்காமல் இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று ஆயுள் உண்டு. 2009-இல் நிற்கிற கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

2038-க்கு இன்னும் நாள் இருக்கிறதே. அதற்குள் எல்லோரும் கம்ப்யூட்டரை மாற்றிவிட மாட்டார்களா?
வங்கி ஊழியர், சேலம்

உங்கள் துறையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் இந்தக் கோளாறு முதலில் வருகிற இடங்களில் ஒன்று நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம். 2018-இல் இருபது வருட வீட்டுக்கடன் வாங்கியவருக்குக் கடைசித் தவணை 2038-இல் விழுகிறது. அந்தத் தவணை அட்டவணையை மென்பொருள் 2018-லேயே போட்டாக வேண்டும். முப்பது வருடக் கடன் என்றால் 2008-லேயே. பிரச்சினை எதிர்காலத்தில் இருப்பதாக நினைக்கிறோம். எதிர்காலத் தேதியை எழுதுகிற ஒவ்வொரு நிரலுக்கும் அது ஏற்கெனவே வந்துவிட்டது.

இதற்கு நடந்த உதாரணமே உண்டு. ஏஓஎல்சர்வர் என்று ஒரு வலைச் சர்வர் மென்பொருள். அதில் சில டேட்டாபேஸ் வேலைகளுக்குக் காலக்கெடு வைக்க வேண்டியிருந்தது. கெடுவே இல்லை என்று சொல்வதற்குப் பதிலாக 100 கோடி வினாடி என்று அமைத்திருந்தார்கள். ஏறக்குறைய 32 ஆண்டு, எந்த வேலையும் அவ்வளவு நேரம் எடுக்காது, நியாயமான எண்ணம்தான். 2006 மே மாதத்தில் ஒருநாள், அன்றைய நேரத்தோடு 100 கோடியைக் கூட்டியபோது விடை 214,74,83,647-ஐத் தாண்டியது. சர்வர்கள் வரிசையாக விழுந்தன. 2038-க்கு முப்பது வருடத்துக்கு மேல் மீதி இருந்தபோது இது நடந்தது.

இன்னொன்று, 2022 புத்தாண்டு அன்று. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்கள் பலவற்றில் அஞ்சல்கள் வரிசையில் தேங்கி நின்றன. வைரஸ் சோதிக்கும் பகுதி தன் பதிப்பு எண்ணைத் தேதியைக் கொண்டே எழுதிவந்தது. 22-ஆம் ஆண்டு, 01-ஆம் மாதம், 01-ஆம் நாள், அப்புறம் நான்கு இலக்கம். சேர்த்தால் 220,10,10,001. 21-இல் தொடங்கியவரை 32 பிட்டுக்குள் அடங்கியது. 22 என்று தொடங்கியதும் அடங்கவில்லை. யூனிக்ஸ் வினாடிக் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தடுத்தது அதே 214 கோடி.

எல்லோரும் மாற்றிவிடுவார்கள் என்கிறீர்கள். கணினியை மாற்றுகிறோம், உண்மைதான். மாற்றும்போது பழைய டேட்டாபேஸை அப்படியே தூக்கிப் புதியதில் வைக்கிறோம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வகைத் தேதிப் புலம் உண்டு. எத்தனை புதிய 64 பிட் சர்வரில் ஓடினாலும் அதன் எல்லை 2038 ஜனவரி 19, 8:44:07. பக்கத்திலேயே டேட்டைம் என்ற வகை இருக்கிறது, அது 9999 வரை போகும். எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது பல வருடம் முன்னால் ஒரு மதியம் ஒரு நிரலாளர் எடுத்த முடிவு. உங்கள் கிளையில் இதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் 2038-ஐத் தாண்டி முதிர்கிற ஒரு வைப்பையோ கடனையோ பதியும்போது முதிர்வுத் தேதி வெற்றாகவோ பூஜ்யமாகவோ விழுகிறதா என்று கண்ணால் ஒருமுறை பாருங்கள். விழுந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எழுத்தில் மேலே அனுப்புங்கள். கவுண்டரில் இருப்பவர் சொல்லித்தான் இப்படிப்பட்ட தவறுகள் பலவும் வெளியே வருகின்றன.

என் பழைய போனிலிருந்து எடுத்த சில போட்டோக்களில் '1 ஜனவரி 1970, காலை 5.30' என்று தேதி இருக்கிறது. அப்போது என் அப்பாவே பிறக்கவில்லை!
கல்லூரி மாணவி, நாகர்கோவில்

தேதி காணாமல் போனதால் அந்த இடத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது. பூஜ்யம் வினாடி என்றால் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. நமக்கு அது காலை 5.30. படத்துக்கு எதுவும் ஆகவில்லை. மூலப் படம் பழைய போனில் இன்னும் இருந்தால் அதைத் திறந்து விவரத்தைப் பாருங்கள். நகலெடுக்கும்போது கோப்பின் தேதி போயிருந்தாலும் கேமரா படத்துக்குள்ளேயே எழுதிய தேதி பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

2000-ஆம் ஆண்டில் ஒய்2கே என்று பயமுறுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் காசு பார்க்கச் செய்த ஏமாற்று என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். 2038-உம் அப்படித்தானே?
பொறியியல் மாணவர், கோவை

தம்பி, இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது. அந்த வேலையைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

1990-களின் கடைசியில் சென்னையில் எங்கள் அலுவலகத்துக்கு வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் வைத்திருந்த நிரல்கள் வந்தன. எங்களைவிட வயதில் மூத்த நிரல்கள் சில அதில் இருந்தன. இடம் விலை உயர்ந்திருந்த காலத்தில் எழுதியவை, ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 99-க்குப் பிறகு 00 வந்தால் பாலிசி எடுத்தவரின் வயது கழித்தலில் வரும். இரண்டை நான்கு இலக்கமாக்கினால் போதும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். தேதி தேதி என்ற பெயரில் இருந்தால்தானே? ஒரு நிரலில் அது பாலிசி எண்ணின் நடு இலக்கங்களில் ஒளிந்திருக்கும். இன்னொன்றில் 99 என்பதற்கு ஆண்டு என்று பொருளே இல்லை, முடிவுத் தேதி இல்லாத கணக்கு என்று பொருள். அதை 1999 என்று மாற்றிவிட்டால் ஆயுள் முழுவதற்குமான பாலிசிகள் ஒரே இரவில் காலாவதி ஆகிவிடும். தாள் கட்டுகளை மேசையில் விரித்து, வரி வரியாகப் பச்சை மையில் குறித்துப் படித்தோம். லீப் ஆண்டு விதியைப் பாதி மட்டும் தெரிந்து எழுதியவர்களும் இருந்தார்கள். நூறால் வகுபட்டால் லீப் இல்லை என்பதோடு நிறுத்திவிட்டார்கள். 400-ஆல் வகுபட்டால் லீப் உண்டு என்ற மீதியை விட்டுவிட்டதால் அவர்கள் கணக்கில் 2000 பிப்ரவரிக்கு 29 கிடையாது.

இப்படிப்பட்ட வேலை சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் அறை அறையாக நடந்தது. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றுக்கு வெளிநாட்டுக் கதவு அகலத் திறந்தது அப்போதுதான். ஒன்றும் நடக்கவில்லை என்று உங்கள் பேராசிரியர் சொல்கிறாரே, அந்த ஒன்றும் நடக்காததைத்தான் நாங்கள் செய்து கொடுத்தோம்.

அதையும் மீறி நடந்தவை உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகக் கணினி, 2000-இன் முதல் சில மாதங்களில் கர்ப்பிணிகளின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டது. குழந்தைக்கு டவுன் நோய்க்குறி வரும் வாய்ப்பைச் சொல்லும் சோதனை அது, தாயின் வயதைப் பொறுத்துத்தான் விடை வரும். 150-க்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தவறான முடிவு போயிருந்தது. கணினி நிற்கவில்லை. ஒழுங்காக அச்சடித்துக் கொடுத்தது. மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நேரம் போதாத இடங்களில் நான்கு இலக்கம் ஆக்காமல் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 00 முதல் 19 வரை வந்தால் 2000-கள், 20 முதல் 99 வரை வந்தால் 1900-கள் என்று நிரலில் ஒரு கோடு கிழித்துவிடுவது. அதற்குள் இந்த நிரல் ஓய்வு பெற்றுவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2020 வந்தது, நிரல் ஓய்வு பெறவில்லை. அந்த ஜனவரியில் ஆங்காங்கே மென்பொருள்கள் 1920-க்குப் போயின. வேறு இடங்களில் கோடு 30-லும் 50-லும் இருக்கிறது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் பேராசிரியரிடம் மரியாதையாகவே கேளுங்கள், உங்கள் கல்லூரியின் மாணவர் பதிவேட்டு மென்பொருளில் ஆண்டுக்கு எத்தனை இலக்கம் என்று.

படகில் இருக்கும் பழைய ஜிபிஎஸ் கருவி 19 வருடம் முந்திய தேதி காட்டுகிறது. இடம் சரியாகத்தான் காட்டுகிறது. நம்பிப் போகலாமா?
மீனவர், நாகப்பட்டினம்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஆண்டு மாதம் எதையும் அனுப்புவதில்லை. 1980 ஜனவரி 6-லிருந்து இது எத்தனையாவது வாரம் என்று அனுப்புகின்றன. அதற்கு 10 பிட் இடம்தான். 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யம். நம் அறுபது வருடப் பெயர்கள் மாதிரி. பிரபவ வருடத்தில் எழுதிய பத்திரம் என்றால் 1927-ஆ 1987-ஆ என்பதை வேறு எதையாவது வைத்து நாம் கண்டுபிடிப்பதுபோல, இது எத்தனையாவது சுற்று என்பதைக் கருவிதான் ஊகிக்க வேண்டும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை சுற்று முடிந்தது, 2019 ஏப்ரலில் மறுமுறை. 2019-இல் நியூயார்க் மாநகராட்சியின் சொந்த வயர்லெஸ் வலையமைப்பு இதனால் செயலிழந்தது. அடுத்த சுற்று 2038 நவம்பரில் முடியும்.

உங்கள் கருவி பழைய சுற்றிலேயே இருக்கிறது. இடத்தைக் கணிக்க அந்த வாரத்துக்குள் எத்தனையாவது வினாடி என்பதே முக்கியமாகத் தேவை, அதனால் இடம் சரியாக வருகிறது. ஆனால் போட்டவுடன் செயற்கைக்கோள்களைத் தேட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கலாம். அது காட்டும் சூரிய உதய நேரத்தையும் நிலா நிலவரத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள். கம்பெனி புதிய மென்பொருள் தருகிறதா என்று சர்வீஸ் கடையில் கேளுங்கள். தரவில்லை என்றால், எல்லைக் கோட்டுப் பக்கம் போகிற படகில் அதை ஒன்றை மட்டும் நம்பிப் போக வேண்டாம். இன்னொரு கருவி கையில் இருக்கட்டும்.

எங்கள் குடியிருப்பில் புதிதாக சிசிடிவி, கைரேகை வருகைப் பதிவு, கேட் தடுப்பு எல்லாம் வாங்கப் போகிறோம். இப்போது வாங்குவதற்கும் 2038-க்கும் சம்பந்தம் உண்டா?
குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்

நிறையவே உண்டு. இந்தப் பக்கத்தில் எல்லோரையும்விட அதிகமாகச் செய்யக்கூடியவர் நீங்கள்தான்.

இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள் ஒரு சின்ன 32 பிட் சிப்பும் ஒரு லினக்ஸும் இருப்பது வழக்கம். லினக்ஸின் மையப்பகுதி 32 பிட் சிப்களிலும் 2038-ஐத் தாண்ட 2020-இல் வந்த 5.6 பதிப்பிலேயே வழி செய்துவிட்டார்கள். லினக்ஸின் ஒரு வகையான டெபியனின் 13-ஆம் பதிப்பு 2025-இல் வந்தது, அது 32 பிட் ஏஆர்எம் சிப்களுக்கான தன் மென்பொருள் பொதிகளை எல்லாம் 64 பிட் நேரத்துக்கு மாற்றியது, பல ஆயிரம் பொதிகளை மறுபடி கட்டிய பெரிய உழைப்பு. ஆனால் இன்று அலமாரியில் இருக்கிற பெட்டிக்குள் எந்த வருடத்து லினக்ஸ் இருக்கிறது என்பது அட்டையில் எழுதியிருக்காது. நிறுவி முடித்த பிறகு அதை யாரும் புதுப்பிப்பதும் இல்லை. சுவரில் ஏறிய பெட்டி கெடும்வரை அங்கேயே இருக்கும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். 2038 ஜனவரி 19-க்குப் பிறகும் இந்தக் கருவி வேலை செய்யும் என்று கொட்டேஷனில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம், நேரத்தை வலை வழியாகச் சரிசெய்யும் என்டிபி முறை 2036 பிப்ரவரி 7-ஐத் தாண்டுமா என்றும் கேளுங்கள். என்டிபி 1900-லிருந்து வினாடியை எண்ணுகிறது, அதன் 32 பிட் இடம் அன்று நம் நேரப்படி பகல் 11:58-க்கு நிரம்பும். நன்றாக எழுதிய மென்பொருள் அதைத் தாண்டிவிடும். மற்றவை இரண்டு வருடம் முன்னதாகவே தடுமாறும்.

எழுதித் தந்ததோடு விடாதீர்கள். கருவியை ஒப்படைக்கிற நாளில், வேலைக்குப் போடுவதற்கு முன், ஆள் நிற்கும்போதே வலைத்தொடர்பைக் கழற்றிவிட்டுத் தேதியை 2038 ஜனவரி 19, காலை 8.40-க்கு வைக்கச் சொல்லுங்கள். ஒரு பத்து நிமிடம் பதிவு ஓடட்டும். பிறகு 8.42-லிருந்து 8.48 வரை உள்ள பதிவைத் தேடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கைரேகை இயந்திரத்தில் 8.44-க்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் விரல் வைத்து, இருவருடைய பெயரும் அறிக்கையில் வருகிறதா என்று பாருங்கள். மின்சாரத்தை அணைத்துப் போட்டும் பாருங்கள், ஓடும்போது தாங்கிய சில பெட்டிகள் திரும்ப எழும்போது தடுமாறும். 2038-ஐத் தேதியாகவே ஏற்கமாட்டேன் என்று பட்டியல் 2037-உடன் முடிந்தால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது, அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

சோதனை முடிந்ததும் சரியான தேதிக்குத் திரும்புவதற்கு முன் அந்தப் பத்து நிமிடப் பதிவை அழித்துவிடுங்கள். வட்டு நிரம்பும்போது தேதியில் பழையதை முதலில் அழிப்பது பல சிசிடிவி பெட்டிகளின் வழக்கம். 2038 தேதியிட்ட துண்டு உள்ளேயே இருந்தால் அதை எல்லாவற்றிலும் புதியது என்று வைத்துக்கொண்டு, நேற்றைய பதிவை அழித்துவிடும்.